வெள்ளைக் கப்பல்களுக்கு விதி எழுதவில்லை

2025 ஆகஸ்ட் 11 அன்று தென் சீனக் கடலில் ஸ்கார்பரோ திட்டுக்குக் கிழக்கே சுமார் 10 கடல் மைலில் நடந்ததை முதலில் பார்த்துவிடுவோம். அந்தப் பக்கம் மீன் பிடிக்கும் பிலிப்பைன்ஸ் படகுகளுக்கு எரிபொருளும் பொருட்களும் கொடுக்கப் போயிருந்த கப்பல்களில் ஒன்று சுலுவான். பிலிப்பைன்ஸ் கடலோரக் காவல்படையைச் சேர்ந்தது, 44 மீட்டர் நீளம். அதை இரண்டு சீனக் கப்பல்கள் துரத்தின. ஒன்று வெள்ளை: சீனக் கடலோரக் காவல்படையின் 3104. இன்னொன்று சாம்பல்: சீனக் கடற்படையின் குய்லின், பக்க எண் 164, 150 மீட்டரைத் தாண்டிய நாசகாரிக் கப்பல். 3104 சுலுவானின் பின்பக்கத்தை ஒட்டி முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தபோது 164 பக்கவாட்டிலிருந்து குறுக்கே பாய்ந்தது. சுலுவான் வளைந்து விலகிவிட்டது. துரத்திய இரண்டும் ஒன்றோடொன்று மோதின. 3104-ன் அணியம், அதாவது முன்முனை, மிதிபட்ட தகர டப்பாவைப்போல் நசுங்கிப்போனது. மோதலுக்குச் சற்று முன்வரை அந்த முன்தளத்தில் ஆட்கள் நிற்பது பிலிப்பைன்ஸ் வெளியிட்ட காணொளியில் தெரிகிறது. சுலுவானிலிருந்து வானொலியில் மருத்துவ உதவி தரத் தயார் என்று சொன்னார்கள். சீனத் தரப்பின் அன்றைய அறிக்கையில் மோதலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இரண்டும் ஒரே நாட்டுக் கப்பல்கள். ஒரே பக்கம் நின்று ஒரே வேலையைச் செய்தவை. அவற்றாலேயே ஒன்றையொன்று தவிர்க்க முடியவில்லை.

தென் சீனக் கடலைப் பற்றிப் பேச்செடுத்தால் விமானந்தாங்கிக் கப்பல் யாரிடம் எத்தனை, எந்த ஏவுகணை எவ்வளவு தூரம் போகும் என்ற கணக்குதான் முதலில் வரும். அந்தக் கணக்கு பொய்யில்லை. ஆனால் கடந்த பத்தாண்டு மோதல்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால், ஆட்கள் காயம்பட்டதும் கப்பல்கள் நொறுங்கியதும் ஏவுகணையால் அல்ல. சுக்கானால், நீர்ப்பீரங்கியால், கோடாரியால். அவற்றைக் கையாண்டவை பெரும்பாலும் கடலோரக் காவல்படைக் கப்பல்கள். சாம்பல் நிறப் போர்க்கப்பல்கள் ஒன்றையொன்று நெருங்கும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு ஐம்பது ஆண்டுக்கும் மேலாக எழுதப்பட்ட விதிகள் இருக்கின்றன. வெள்ளைக் கப்பல்களுக்கு அப்படி ஒன்றை யாரும் எழுதவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் இப்போதைய பதற்றம் முழுவதும் நடக்கிறது என்பது என் உறுதியான கணிப்பு.

பாறையா, தீவா, திட்டா

சண்டையின் சட்டப் பின்னணியை ஓதத்தை, அதாவது கடல் ஏறி வற்றுவதை, வைத்துப் புரிந்துகொள்வது எளிது. 1982-ல் உருவாகி 1994-ல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தம் நிலத்தை மூன்று வகையாகப் பார்க்கிறது. ஓதம் ஏறிய நேரத்திலும் நீருக்கு மேலே இருந்து, மனிதர் வாழவோ சொந்தமாகப் பொருளாதாரம் நடத்தவோ இடம் தருவது தீவு. அதற்கு 12 கடல் மைல் ஆட்சிக்கடலும் 200 கடல் மைல் பிரத்யேகப் பொருளாதார மண்டலமும் உண்டு. ஏற்றத்திலும் தலை தெரியும், ஆனால் வாழ வழியில்லை என்றால் அது பாறை. 12 மைலோடு சரி. வற்றத்தில் மட்டும் தலைகாட்டி ஏற்றத்தில் மூழ்கிவிடும் திட்டுக்குத் தன்னளவில் எதுவும் கிடையாது. அதன்மேல் மணலைக் கொட்டி ஓடுதளம் போட்டாலும் சட்டப்படி அது செயற்கை அமைப்புதான். சுற்றி 500 மீட்டர் பாதுகாப்பு வளையம் வைத்துக்கொள்ளலாம், அதையும் அந்த மண்டலத்துக்கு உரிமையுள்ள கரைநாடுதான் வைக்க முடியும்.

பிலிப்பைன்ஸ் 2013-ல் தொடுத்த வழக்கில் 2016 ஜூலை 12 அன்று நடுவர் மன்றம் தந்த தீர்ப்பு இந்த அளவுகோலைத்தான் பிடித்தது. சீனா வரைபடத்தில் போட்ட ஒன்பது கோட்டுக்குள் வரலாற்று உரிமை என்பதற்குச் சட்ட அடிப்படை இல்லை. ஸ்ப்ராட்லி தீவுக் கூட்டத்தில் எந்த நிலத்துண்டுக்கும் 200 மைல் கிடையாது. சீனா 1995-ல் பிடித்து, பின்னர் இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடுதளம் போட்ட மிஸ்சீஃப் திட்டு, வற்றத்தில் மட்டும் தெரிவது. அது பிலிப்பைன்ஸின் பொருளாதார மண்டலத்துக்குள் இருக்கிறது. செகண்ட் தாமஸ் திட்டும் அப்படியே. ஸ்கார்பரோ மட்டும் வேறு: அது பாறை. அதற்கு 12 மைல் உண்டு, ஆனால் அது யாருடையது என்பதில் மன்றம் கைவைக்கவில்லை, அதற்கு அந்த அதிகாரமும் இல்லை. அங்கே இரு நாட்டு மீனவர்களுக்கும் பாரம்பரிய உரிமை உண்டு என்று மட்டும் சொன்னது. சீனா தீர்ப்பை ஏற்கவில்லை. 2024 நவம்பரில் ஸ்கார்பரோவைச் சுற்றி அடிக்கோடுகளையும், அதாவது ஆட்சிக்கடலை அளக்கத் தொடங்கும் கோடுகளையும், அறிவித்தது. ஆகஸ்ட் 11 மோதல் பத்து மைலில் நடந்தது ஏன் முக்கியம் என்பது இப்போது விளங்கும். அது அந்த 12 மைலுக்குள்.

அமெரிக்கக் கடற்படையின் "கடல்வழிச் சுதந்திர" ஓட்டங்களைப் பலர் வெறும் கொடி காட்டும் வேலை என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஒவ்வோர் ஓட்டமும் ஒரு சட்ட வாக்கியம். பாறையின் 12 மைலுக்குள் போகும்போது கப்பல் நிற்காமல், நேராக, ஹெலிகாப்டரைக் கிளப்பாமல், ஆயுதப் பயிற்சி எதுவும் செய்யாமல் கடந்துவிடும். அதற்குப் பெயர் தீங்கற்ற கடப்பு. அது அங்கே ஆட்சிக்கடல் இருக்கலாம் என்று ஒப்புக்கொள்வதற்குச் சமம். ஆனால் 2017 மே மாதம் யுஎஸ்எஸ் டூயி மிஸ்சீஃப் திட்டின் 12 மைலுக்குள் போனபோது, கடலில் விழுந்த ஆளை மீட்கும் பயிற்சியைச் செய்தது. சாதாரணப் பயிற்சிதான். ஆனால் ஆட்சிக்கடலைக் கடந்துபோகும் கப்பல் அதைச் செய்யக் கூடாது. செய்தார்கள் என்றால், "இங்கே ஆட்சிக்கடலே இல்லை" என்று சுக்கானால் எழுதிக் காட்டினார்கள் என்று பொருள். இதில் ஒரு பலவீனமும் உண்டு. அமெரிக்கா அந்த ஒப்பந்தத்தில் இன்றுவரை சேரவில்லை. அதைப் பெய்ஜிங் சொல்லிக்காட்டும்போது பதில் சொல்வது சிரமம்.

41 மீட்டர்

2018 செப்டம்பர் 30 அன்று கேவன் திட்டு அருகே யுஎஸ்எஸ் டிகேட்டர் அப்படியொரு ஓட்டத்தில் இருந்தபோது சீன நாசகாரிக் கப்பல் லான்சூ அதன் அணியத்துக்கு 45 கெஜம் வரை வந்தது. மீட்டரில் சொன்னால் 41. டிகேட்டரின் அகலம் ஏறத்தாழ 20 மீட்டர். ஆக, இரண்டு கப்பல் அகலம்.

இந்த 41 மீட்டர் என்பது என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நடுக்கடலில் ஒரு போர்க்கப்பல் எண்ணெய்க் கப்பலிடம் எரிபொருள் வாங்கும்போதும் ஏறத்தாழ இதே இடைவெளிதான் இருக்கும். அப்போது இரண்டு கப்பலும் ஒரே திசையில், ஒரே வேகத்தில், 12 முதல் 16 நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்) வரை ஓடும். இரண்டுக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். அதில் 20 அடிக்கு ஒரு வண்ணக் கொடி. கொடியைப் பார்த்த மாத்திரத்தில் தூரம் தெரிய வேண்டும் என்பதற்காக. அனுபவமுள்ள ஆளைத்தான் சுக்கானில் நிறுத்துவார்கள். ஒரு பாகை, அரைப் பாகை என்று திருத்திக்கொண்டே இருப்பார்கள். நட்புக் கப்பல்கள், பலமுறை ஒத்திகை பார்த்து, கயிறு கட்டிச் செய்யும் வேலை அது. அதே தூரத்தில் பகைக் கப்பல், ஒத்திகை இல்லாமல், கயிறு இல்லாமல், அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல் வந்தால் என்ன ஆகும்?

தண்ணீரே முதல் எதிரி. ஓடும் கப்பலின் முன்னாலும் பின்னாலும் நீரழுத்தம் அதிகம், நடுப்பகுதியின் இருபுறமும் குறைவு. இரண்டு கப்பல்கள் பக்கம் பக்கமாக வந்தால் நடுவிலுள்ள நீர் வேகமெடுத்து அழுத்தம் இன்னும் விழும். இரண்டு கப்பல்களையும் ஒன்றை நோக்கி ஒன்று இழுக்கும். முந்திவரும் கப்பலின் அணியம் மற்றதன் பின்பகுதியைக் கடக்கும் நேரத்தில் இந்த இழுப்பும் தள்ளலும் சட்டென்று மாறும். யாரும் சுக்கானைத் தொடாமலே கப்பல் திரும்பும்.

அடுத்தது, கப்பல் கார் மாதிரித் திரும்பாது. சுக்கான் பின்னால் இருக்கிறது. முன்னோக்கி ஓடும் கப்பல் சுழலும் அச்சு அணியத்திலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீளத்தில் இருக்கும். வலப்பக்கம் திருப்பினால் முதலில் நடப்பது பின்பகுதி இடப்பக்கம் வீசப்படுவது. இடப்பக்கத்தில் ஒட்டி ஒரு கப்பல் வந்துகொண்டிருந்தால், விலகத் திருப்பிய கப்பலே தன் பின்பகுதியால் அதை இடிக்கும். கடைசி நேரத்தில் "விலகிவிடலாம்" என்ற நம்பிக்கை இதனால்தான் பொய்த்துப்போகிறது.

மூன்றாவது, நேரம். 20 நாட் வேகத்தில் கப்பல் நொடிக்குச் சுமார் 10 மீட்டர் போகும். நேர் எதிராக வரும் இரண்டு கப்பல்களுக்கு நடுவே ஒரு கடல் மைல் இருந்தால், சந்திப்புக்கு 90 நொடி. 41 மீட்டரில் அணியத்துக்குக் குறுக்கே கடக்கும் கப்பல் விஷயத்தில் நான்கு நொடி. இயந்திரத்தைப் பின்னோக்கி முழு வேகத்தில் இயக்கச் சொல்லி ஆணையிட்டு, அது கப்பலை உந்தும் திருகியைத் தொட்டு, கப்பல் நிற்கத் தன் நீளத்தைப் போலப் பல மடங்கு தூரம் வேண்டும்.

உலகக் கப்பல்கள் அனைத்துக்கும் பொதுவான 1972-ம் ஆண்டு மோதல் தவிர்ப்பு விதிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. சீனக் கடலோரக் காவல்படையையும் அவை கட்டுப்படுத்தும். ஆனால் மோத யாருக்கும் விருப்பமில்லை என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை அவை. கெட்ட எண்ணத்தோடு வருபவர் அந்த விதிகளையே ஆயுதமாக்க முடியும். உதாரணமாக 15-ம் விதி: குறுக்கே கடக்கும் நிலையில், யாருடைய வலப்பக்கத்தில் மற்ற கப்பல் தெரிகிறதோ அவர் வழிவிட வேண்டும். ஆக, எதிராளியின் வலப்பக்கம் போய் நின்றுகொண்டு நேராக வந்தால் அவர்தான் ஒதுங்க வேண்டும். பனிப்போர்க் காலத்தில் சோவியத் கப்பல்கள் அமெரிக்க விமானந்தாங்கிகளிடம் இதைச் செய்தன. விமானம் இறக்கும் கப்பல் காற்றை எதிர்த்து ஒரே திசையில் ஓடியாக வேண்டும், திரும்ப முடியாது.

இன்று தென் சீனக் கடலில் அதிகம் பார்ப்பது இன்னொரு வகை. பின்னாலிருந்து வேகமாக வந்து, பக்கவாட்டில் ஏறி, பிறகு அணியத்துக்கு முன்னால் வெட்டுவது. 13-ம் விதி இதில் தெளிவாக இருக்கிறது. மற்ற கப்பலின் நடுப்பக்கத்துக்குப் பின்னே 22.5 பாகைக்கு மேல் உள்ள திசையிலிருந்து வந்தால் அது முந்தும் கப்பல். முழுவதும் கடந்து தெளிவாக விலகும்வரை ஒதுங்க வேண்டிய பொறுப்பு அதனுடையதே. நடுவில் இடம் மாறிவிட்டதால் "நான் இப்போது குறுக்கே கடக்கும் கப்பல்" என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனாலும் மோதல் நடந்த பிறகு வரும் அறிக்கைகளில் இந்தச் சொற்புரட்டைத்தான் தேட வேண்டும். கடைசி ஒரு நிமிடக் காணொளியை மட்டும் காட்டினால் யார் முந்தினார், யார் கடந்தார் என்பது தலைகீழாகத் தெரியும். ஐந்து நிமிடக் காணொளி வேண்டும். ரேடாரில் மற்ற கப்பலின் திசை மாறாமல் தூரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது எப்போதிலிருந்து என்ற பதிவும் வேண்டும்.

சாம்பல் கப்பல்கள் விதி கற்ற கதை

1967 மே மாதம் ஜப்பான் கடலில் யுஎஸ்எஸ் வாக்கர் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் இரண்டு சோவியத் கப்பல்களோடு உரசியது. 1970 நவம்பரில் பிரிட்டனின் விமானந்தாங்கி ஆர்க் ராயல் ஒரு சோவியத் நாசகாரிக் கப்பலோடு மோதியது. சோவியத் மாலுமிகள் இருவர் கடலில் மாண்டார்கள். இரு தரப்புக்கும் பயம் பிடித்தது. 1972 மே 25 அன்று மாஸ்கோவில் அமெரிக்கக் கடற்படைச் செயலர் ஜான் வார்னரும் சோவியத் கடற்படைத் தலைவர் அட்மிரல் கோர்ஷ்கோவும் கடல் சம்பவங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

அதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. மற்றவர் கப்பலை நோக்கிப் பீரங்கியையோ ஏவுகணையையோ டார்பிடோக் குழாயையோ திருப்பித் தாக்குவதுபோல் நடிக்காதே. பிரிட்ஜ், அதாவது கப்பலை ஓட்டும் மேல்தள அறை, மீது ஒளி பாய்ச்சாதே. விமானம் ஏற்றி இறக்கும் கப்பலுக்கு வழிவிடு. ஆபத்தான பயிற்சி என்றால் 3 முதல் 5 நாள் முன்பே வானொலியில் அறிவி. இவ்வளவுதான். பேச்சுவார்த்தையில் சோவியத் தரப்பு இத்தனை மீட்டருக்குள் வரக்கூடாது என்று ஓர் எண்ணைக் கேட்டது. அமெரிக்கா மறுத்தது. எண் எழுதிவிட்டால் அது கடலில் வேலி ஆகிவிடும், கண்காணிக்கவே முடியாது என்பது அவர்கள் வாதம். ஆகவே "பாதுகாப்பான தூரம்" என்பதோடு நின்றது.

அது பலித்ததற்கு வாசகங்களைவிட முக்கியமான காரணம், ஆண்டுதோறும் இரு கடற்படை அதிகாரிகளும் நேரில் உட்கார்ந்து அந்த ஆண்டுச் சம்பவங்களை ஒவ்வொன்றாக, படங்களோடு, பேசித் தீர்த்தது. மாலுமிகள் மாலுமிகளோடு பேசினார்கள். பத்திரிகையைக் கூட்டவில்லை. 1973 அக்டோபரில் மத்திய தரைக்கடலில் 90-க்கும் மேற்பட்ட சோவியத் கலங்கள் அமெரிக்க ஆறாவது கப்பற்படையோடு மூக்கோடு மூக்காக நின்றபோதும் மோதல் வெடிக்காமல் போனதில் அந்தப் பழக்கத்துக்குப் பங்கு உண்டு. 1988 பிப்ரவரி 12-ல் கருங்கடலில் யார்க்டவுன், கேரன் இரண்டையும் சோவியத் கப்பல்கள் வேண்டுமென்றே இடித்தன. அதையும் பேசி, 1989-ல் தீங்கற்ற கடப்பு என்றால் என்ன என்பதற்கு இருவரும் சேர்ந்து ஒரே விளக்கம் எழுதினார்கள். இடித்த பிறகும் பேச முடிந்தது. இதுதான் இன்று இல்லாத பொருள்.

இன்றைய வடிவம் 2014 ஏப்ரலில் சிங்டாவோவில் 21 நாட்டுக் கடற்படைகள் ஏற்ற எதிர்பாராச் சந்திப்பு நெறி. சீனாவும் அமெரிக்காவும் அதில் உண்டு. துப்பாக்கி, ஏவுகணை, தாக்குதல் வழிகாட்டி ரேடார் எதையும் எதிரே குறிவைக்காதே, லேசர் அடிக்காதே என்கிறது. இந்த ரேடார் விஷயம் வெளியாருக்குச் சிறியதாகத் தோன்றும். வழிகாண் ரேடார் சுற்றிக்கொண்டே இருக்கும், சில நொடிக்கு ஒருமுறை தொட்டுவிட்டுப் போகும். தாக்குதல் வழிகாட்டி ரேடார் ஒடுங்கிய கற்றையை ஒரே இலக்கின்மேல் விடாமல் ஊன்றும். எதிர்க் கப்பலின் மின்னணுக் கருவி அந்த வேறுபாட்டை உடனே கண்டுகொண்டு அலறும். பிரிட்ஜில் நிற்பவருக்கு அதன் பொருள் ஒன்றுதான்: அடுத்தது ஏவுகணை. 2013 ஜனவரியில் கிழக்குச் சீனக் கடலில் ஜப்பானிய நாசகாரிக் கப்பல் யூதாச்சி மீது சீனப் போர்க்கப்பல் இப்படி ஊன்றியதாக டோக்கியோ குற்றம்சாட்டியது. திருப்பி அடிக்காமல் பொறுத்த அந்த ஜப்பானியக் கப்பல் தலைவருக்கு இந்த வட்டாரம் கடன்பட்டிருக்கிறது.

சிங்டாவோ நெறிக்கு மூன்று ஓட்டைகள். சட்டமாகக் கட்டுப்படுத்தாது. ஆண்டுதோறும் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் கட்டாயம் இல்லை. மூன்றாவதுதான் கொடுமையானது: கடற்படைகளுக்கு மட்டும். 2016 செப்டம்பரில் ஆசியானும் சீனாவும் சேர்ந்து இந்த நெறி தென் சீனக் கடலில் பொருந்தும் என்று அறிவித்தபோதும் கடலோரக் காவல்படைகளை வெளியே விட்டுவிட்டார்கள்.

அந்த ஓட்டை வழியே

2018 ஜூலையில் சீனக் கடலோரக் காவல்படை ஆயுதக் காவல் படையின் கீழ், அதன் வழியாக மத்திய ராணுவ ஆணையத்தின் கீழ் போனது. 2021 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், சீனா தன்னுடையது என்று சொல்லும் நீரில் வெளிநாட்டுக் கலங்கள்மேல் ஆயுதம் பயன்படுத்தவும் அதற்கு வழி திறந்தது. 2024 ஜூன் 15 முதல், அத்துமீறியதாகச் சந்தேகிக்கும் வெளிநாட்டவரை 60 நாள் வரை பிடித்துவைக்கலாம். அதன் 5901 கப்பல் 12,000 டன். பெரும்பாலான அமெரிக்க நாசகாரிக் கப்பல்களைவிடக் கனமானது. சாயம் வெள்ளை, கட்டளை ராணுவத்துடையது, ஆனால் போர்க்கப்பல் விதி பொருந்தாது. அதன் பின்னால் கடல்சார் ஆயுதக்குழுவின் இரும்பு உடல் மீன்பிடிக் கப்பல்கள். 2021 மார்ச்சில் விட்சன் திட்டில் அப்படிச் சுமார் 220 கலங்கள் பக்கம் பக்கமாகக் கட்டி நின்றதாகப் பிலிப்பைன்ஸ் சொன்னது. வலை போடவில்லை.

இந்தியாவுக்கும் இதன் சிறு அனுபவம் உண்டு. 2011 ஜூலையில் ஐஎன்எஸ் ஐராவத் வியட்நாமின் நா சாங் துறைமுகத்திலிருந்து ஹைபோங் போகும் வழியில், கரையிலிருந்து 45 கடல் மைலில், திறந்த வானொலியில் ஒரு குரல் தன்னைச் "சீனக் கடற்படை" என்று சொல்லிக்கொண்டு, நீங்கள் சீனக் கடலில் நுழைகிறீர்கள் என்றது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் கப்பலோ விமானமோ இல்லை. ஐராவத் தன் வழியே போனது. அந்தக் குரல் வருவது வழக்கமாக விஎச்எஃப் 16-ம் அலைவரிசையில். கடலில் ஆபத்து என்றால் எல்லோரும் கூவ வேண்டிய அலைவரிசை அது. அதில் இரு தரப்பும் இறையாண்மை அறிக்கையை மாறி மாறி வாசித்துக்கொண்டிருந்தால், மூழ்கும் படகின் குரல் எங்கே கேட்கும்? அழைப்பை 16-ல் வைத்துக்கொண்டு வாதத்தை வேறு அலைவரிசைக்கு மாற்றுவது ஒரு நாளில் செய்யக்கூடிய சீர்திருத்தம்.

செகண்ட் தாமஸ் திட்டில் எல்லாம் ஒன்றுகூடி நிற்கின்றன. பிலிப்பைன்ஸின் பலவான் தீவிலிருந்து நூற்றுச்சொச்சம் கடல் மைல். 1999-ல் பிலிப்பைன்ஸ் வேண்டுமென்றே அங்கே தரைதட்டவைத்த சியரா மாத்ரே, 1944-ல் அமெரிக்கா கட்டிய டாங்கி இறக்கும் கப்பல், 100 மீட்டர் நீளம். அடிப்பகுதி துருவால் ஓட்டையாகிக் கிடக்கிறது. அதில் ஒரு சிறு கடற்படைக் காலாட்குழு. அவர்களுக்கு அரிசி, தண்ணீர், மருந்து எல்லாம் மர உடல் படகில் போக வேண்டும், ஏனென்றால் திட்டின் வாய் ஆழம் குறைந்தது, பெரிய கப்பல் நுழையாது. சீனத் தரப்பின் கணக்கு எளிது. உணவைத் தடுக்கத் தேவையில்லை. இரும்பு, சிமெண்ட் போகாமல் பார்த்துக்கொண்டால் துரு மிச்ச வேலையைச் செய்துவிடும்.

அதனால் படகை மறிக்கும் படிகள் ஒவ்வொன்றாக ஏறின. 2023 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸ் கடலோரக் காவல்படையின் மலபாஸ்குவா கப்பலின் பிரிட்ஜ் மீது லேசர், ஆட்களுக்குக் கொஞ்ச நேரம் கண் தெரியவில்லை. அக்டோபரில் பொருள் கொண்டுபோன படகோடு சீனக் கடலோரக் காவல்படையின் 5203 மோதியது. 2024 மார்ச் 5 அன்று இரு பக்கமிருந்தும் நீர்ப்பீரங்கி, படகின் முன்கண்ணாடி சிதறி நால்வருக்குக் காயம். நீர்ப்பீரங்கி என்றால் கூட்டத்தைக் கலைக்கும் தண்ணீர் என்று நினைக்க வேண்டாம். தீயணைப்புக்கான பெரிய பம்பிலிருந்து வரும் தாரை மரப்பலகையைப் பெயர்க்கும். ஆன்டெனாவையும் ரேடாரையும் குறிவைத்தால் படகு குருடாகவும் ஊமையாகவும் ஆகும். புகைபோக்கிக்குள் போனால் இயந்திரம் நிற்கும், இயந்திரம் நின்ற படகைப் பவளப்பாறை பார்த்துக்கொள்ளும். ஜூன் 17 அன்று சீனக் காவல்படையினர் கத்தி, கோடாரியோடு பிலிப்பைன்ஸ் ரப்பர் படகுகளில் ஏறினார்கள். ஒரு மாலுமியின் பெருவிரல் போயிற்று.

ஒரு பெருவிரலோடு முடிந்தது. உயிர் போயிருந்தால்? அதற்குப் பதினேழு நாள் முன்பு, மே 31 அன்று சிங்கப்பூரில் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸ், வேண்டுமென்றே செய்யும் செயலால் ஒரு பிலிப்பினோ இறந்தால் அது போர்ச்செயலுக்கு மிக அருகில் வரும் என்று சொல்லியிருந்தார். 1951 ஆகஸ்ட் 30-ல் கையெழுத்தான அமெரிக்க-பிலிப்பைன்ஸ் பாதுகாப்பு ஒப்பந்தம் படைகள், அரசுக் கப்பல்கள், விமானங்கள்மேல் நடக்கும் ஆயுதத் தாக்குதலைச் சொல்கிறது. 2023 மே மாத வழிகாட்டி கடலோரக் காவல்படையும் அதில் அடங்கும், தென் சீனக் கடலில் எந்த இடமும் அடங்கும் என்று தெளிவாக்கியது. கோடாரி ஆயுதமா? தண்ணீர் ஆயுதமா? வெள்ளைக் கப்பலை அனுப்புவதே இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் வைத்திருக்கத்தான். ஆனால் தெளிவின்மை இரு பக்கமும் வெட்டும். எந்த அடியில் வாஷிங்டன் எழும் என்று தெரியாமல் ஒரு சீனக் கப்பல் தலைவர் தினமும் அந்தக் கோட்டின்மேல் நடந்துகொண்டிருக்கிறார்.

நடந்துவிட்டால் பேச ஆள் வேண்டும். 2001 ஏப்ரல் 1-ல் ஹைனான் அருகே அமெரிக்க வேவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதி, சீன விமானி வாங் வெய் இறந்து, 24 அமெரிக்கர்கள் 11 நாள் பிடியில் இருந்தபோது முதல் மணிநேரங்களில் பெய்ஜிங்கில் யாரும் போனை எடுக்கவில்லை. 2022 ஆகஸ்டில் அப்போதைய அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைத் தலைவர் பெலோசி தைவான் போனதும் சீனா ராணுவப் பேச்சுகளை ரத்து செய்தது. அதில் கடல் பாதுகாப்பு பற்றிய கூட்டமும் ஒன்று. 2023 நவம்பரில் பைடனும் ஷி ஜின்பிங்கும் சந்தித்த உச்சி மாநாட்டுக்குப் பிறகுதான் மீண்டது. கோபம் வந்தால் முதலில் அறுப்பது தொலைபேசிக் கம்பியை என்றால், அந்தக் கம்பி எதற்கு?

செய்யக்கூடியவை பெரிய வேலைகள் அல்ல. சிங்டாவோ நெறியைக் கடலோரக் காவல்படைக்கும், அரசு ஆணையில் ஓடும் மீன்பிடிக் கலங்களுக்கும் நீட்டுவது முதல் வேலை. நீர்ப்பீரங்கியைப் பிரிட்ஜ், ஆன்டெனா, புகைபோக்கி, ஆட்கள் ஆகிய நான்கின் மேலும் திருப்பக் கூடாது என்று பெயர் சொல்லி எழுதுவது. 1972-ல் எண் வேண்டாம் என்றது கடற்படைகளுக்குச் சரி. பவளப்பாறைக்குப் பக்கத்தில், திரும்ப இடமில்லாத நீரில், அணியத்துக்குக் குறுக்கே வெட்டும் கப்பலுக்கு ஓர் எண் வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆண்டுக்கு இரண்டு முறை கடலில் வேலை செய்யும் அதிகாரிகள், முழுக் காணொளியையும் ரேடார் பதிவையும் மேசையில் வைத்துப் பேச வேண்டும். 2002-ல் ஆசியானும் சீனாவும் கையெழுத்திட்ட தென் சீனக் கடல் நடத்தைப் பிரகடனத்தைச் சட்டமாக்கும் பேச்சு பல ஆண்டுகளாக நீள்கிறது. எந்த எல்லைவரை, யாரைக் கட்டுப்படுத்தும், வெளிநாட்டோடு பயிற்சி செய்யலாமா என்று பெரிய முடிச்சுகளில் சிக்கிக் கிடக்கிறது. அவை அவிழட்டும் என்று காத்திருக்காமல் இதைத் தனியாக எடுக்கலாம். இறையாண்மையைத் தொடாமல் எழுத முடியும். 1972 ஒப்பந்தம் பனிப்போரில் ஒரு கேள்வியையும் தீர்க்கவில்லை.

முடியும் என்பதற்குச் சிறு சாட்சி அதே திட்டில் இருக்கிறது. கோடாரிச் சம்பவத்துக்குப் பிறகு 2024 ஜூலையில் மணிலாவும் பெய்ஜிங்கும் சியரா மாத்ரேவுக்குப் பொருள் கொண்டுபோவது பற்றி ஒரு தற்காலிக உடன்பாட்டுக்கு வந்தன. ஜூலை 27 அன்று முதல் படகு இடிபடாமல் போய் வந்தது. உடன்பாட்டின் வாசகத்தை இரு தரப்பும் வெளியிடவில்லை. முன்கூட்டியே தகவல் தந்தார்கள், நாங்கள் கண்காணித்தோம் என்கிறது பெய்ஜிங். அப்படி ஒரு நிபந்தனையே இல்லை என்கிறது மணிலா. அதற்கு நடுவே, 1944-ம் ஆண்டுத் தகடு ஒவ்வோர் ஏற்றத்திலும் உப்புநீரில் நனைந்து ஒவ்வொரு வற்றத்திலும் வெயிலில் காய்கிறது. அந்தக் கப்பல் இரண்டாக உடையும் நாளில் யார் எதைக் கொண்டுவரலாம், யார் எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்பது அந்தத் தாளில் இருக்கிறதா என்று கேட்க வேண்டியவர்கள் இப்போதே கேட்க வேண்டும்.